தென்காசி – குற்றாலம் வட்டார இடப்பெயர்களின் தோற்றமும் திரிபும்

ஆய்வுச் சுருக்கம்

தென்காசி, குற்றாலம் ஆகியவற்றையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்கள், ஆறுகள், அருவிகள் ஆகியவற்றையும் குறிக்கும் பெயர்கள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. நீரையும் மரத்தையும் குடியிருப்பையும் சுட்டிய எளிய தமிழ்ப் பெயர்கள் மீது கோயில் மரபும் அரச மரபும் வடமொழி வழக்கும் கும்பினி ஆட்சியும் அடுத்தடுத்துப் படிந்துள்ளன. புதிய பெயர் பழைய பெயரை நீக்கிவிட்டு வந்ததைக் காட்டிலும், பழைய பெயரின் ஒலியைப் பற்றிக்கொண்டு அதற்கு வேறு பொருள் ஏற்றியதே இவ்வட்டாரத்தில் மிகுதி என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது. ஒப்பீட்டிற்கு அயர்லாந்தின் இடப்பெயர் வரலாறு ஆங்காங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, தென்காசி, குற்றாலம், சிற்றாறு, ஆய்க்குடி, தலபுராணம், எழுத்துப்பெயர்ப்பு

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று செயற்பாட்டிற்கு வந்தது. புதிய மாவட்டம் ஒன்று உருவாகும்போது பெயர்ப்பலகைகளும் முத்திரைகளும் பதிவேடுகளும் புதிதாக எழுதப்படுகின்றன. எந்த ஊரை எப்படி எழுதுவது என்ற வினா அப்போது அலுவலக வினாவாகவே எழுகிறது. ஆயின் அதன் அடியில் இருப்பது வரலாற்று வினா.

தமிழில் இடப்பெயர் ஆய்வுக்கு நல்ல மரபு உண்டு. இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ 1946இல் வெளிவந்தது. பின்னர் கி. நாச்சிமுத்து முதலியோர் மொழியியல் நெறியில் இத்துறையை வளர்த்தனர். இவர்களுக்கு முன்பே நெல்லைச் சீமையின் பெயர்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கையாண்டவர் ராபர்ட் கால்டுவெல். கொற்கையைக் கிரேக்கர் குறித்த கொல்கையோடும், பழைய காயலை மார்க்கோ போலோ குறித்த காயிலோடும், பொதிகையைத் தாலமியின் பெட்டிகோ மலையோடும் அவர் பொருத்திக் காட்டினார். 1881இல் வெளியான அவரது திருநெல்வேலி வரலாறு இத்தகைய பெயர் விளக்கங்களைத் தன்னகத்தே கொண்டது. கால்டுவெல் 1814இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கோட்டத்தைச் சேர்ந்த கிளேடி என்னும் சிற்றூரில்; பெற்றோர் ஸ்காட்லாந்தினர்; இளமையிலேயே குடும்பம் ஸ்காட்லாந்து திரும்பியது.

ஐரிஷ் இடப்பெயராய்வோடு கால்டுவெல்லுக்கு நேர்த்தொடர்பு இருந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அவர் பிறந்த தீவில் 1824இல் தொடங்கி 1846இல் நிறைவுற்ற நில அளவைப் பணி, இடப்பெயராய்வு செய்வோர் எவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. 60,000க்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பகுதிகளின் ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தில் நிலைப்படுத்த வேண்டிய தேவை அப்போது எழுந்தது. அப்பணியில் அமர்த்தப்பட்ட ஜான் ஓ’டோனோவன் ஊர்தோறும் சென்று ஐரிஷ் பேசும் முதியோரின் உச்சரிப்பைக் கேட்டுக் குறித்தார். அதைப் பழைய ஏடுகளில் உள்ள வடிவத்தோடு ஒப்பிட்டார். அதன் பின்னரே ஆங்கில வடிவம் ஒன்றைப் பரிந்துரைத்தார். அவ்வழியில் பி.டபிள்யூ. ஜாய்ஸ் 1869இல் ஐரிஷ் இடப்பெயர்களின் தோற்றமும் வரலாறும் பற்றிய நூலை வெளியிட்டார். வாழும் உச்சரிப்பும் பழைய எழுத்து வடிவும் ஒன்றையொன்று தாங்கினாலன்றிப் பொருள் கூறலாகாது என்பது அவர்கள் விட்டுச்சென்ற நெறி. தென்காசி வட்டாரத்திற்கு அந்நெறியைப் பொருத்திப் பார்க்கும்போது, நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவரும் விளக்கங்கள் சில நிற்கவில்லை.

சிறுமையும் குறுமையும்

இவ்வட்டாரத்தின் இரு முதன்மைப் பெயர்கள் சிற்றாறு, குற்றாலம் என்பன. இரண்டும் ஒரே இலக்கண விதியால் அமைந்தவை. சிறுமை, குறுமை ஆகிய பண்புப்பெயர்கள் ஈறு கெட்டு, உயிர்முதற் சொல்லோடு சேரும்போது தன்னொற்று இரட்டும் என்பது நன்னூல் கூறும் புணர்ச்சி முறை. சிறு, ஆறு என்பன சேர்ந்து சிற்றாறு ஆயின. குறு, ஆல் என்பன சேர்ந்து அம் ஈறு பெற்றுக் குற்றாலம் ஆயிற்று. குற்றுயிர், குற்றியலுகரம் ஆகிய சொற்களும் இவ்வாறு அமைந்தனவே. பேரருவி, சிற்றருவி என்ற அருவிப் பெயர்களில் முன்னது ஆதி நீண்டது. பின்னது தன்னொற்று இரட்டியது. குறும்பலாவில் இனம் மிக்கது. பண்புப்பெயர்ப் புணர்ச்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் எடுத்துக்காட்டுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் ஒரு சுற்று வந்தால் போதும்.

திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகங்கள் இரண்டு. ஒன்று குற்றாலத்தின்மீதும் மற்றொன்று குறும்பலாவின்மீதும் அமைந்தன. ஆகவே ஏழாம் நூற்றாண்டிலேயே இரு பெயர்களும் வழக்கில் இருந்தன. இங்கே ஒரு சிக்கல் உள்ளது. கோயிலின் தலமரம் பலா; ஊர்ப்பெயரில் இருப்பதோ ஆல். இதனைத் தவிர்க்க விரும்பிய சிலர், ஆலம் என்பதற்கு நிகண்டுகள் தரும் நீர் என்னும் பொருளைக் கொண்டு குற்றாலத்தை நீரோடு இணைப்பர். அருவிகளால் புகழ் பெற்ற ஊருக்கு இது கவர்ச்சியான விளக்கமே. ஆனால் அருவி விழும் இடத்தைக் ‘குறுநீர்’ என எவர் அழைப்பர் என்ற எளிய வினாவுக்கு அதில் விடை இல்லை. மேலும், மரப்பெயரோடு குறுமையைச் சேர்த்து இடத்துக்குப் பெயரிடும் வழக்கம் அதே இடத்தில், அதே காலத்தில் இருந்தது என்பதற்குக் குறும்பலாவே சான்று. ஆலும் பலாவும் ஒரே தலத்தின் இரு பகுதிகளுக்கோ இரு வேறு குடியிருப்புகளுக்கோ முதலில் உரியனவாக இருந்து, கோயில் வளர்ந்தபோது ஒன்றாக இணைந்திருத்தல் கூடும்.

இத்தகைய இரட்டைப் பெயர் வழக்கு அரிதன்று. டப்ளின் நகரின் ஆங்கிலப் பெயர், கரிய நீர்க்குட்டை என்று பொருள்படும் ஐரிஷ் சொற்களிலிருந்து வந்தது. ஐரிஷ் மொழியில் அந்நகரின் இன்றைய அதிகாரப் பெயரோ, படல் பரப்பிய ஆற்றுத்துறையின் ஊர் என்று பொருள்படும் வேறொரு தொடர். குட்டைக்கும் துறைக்கும் தனித்தனியே வழங்கிய பெயர்கள் ஒரே நகருக்கு உரியனவாயின.

சிற்றாறு சித்திரா நதி ஆனது

சிற்றாறு குற்றால மலையில் தோன்றிக் குற்றாலத்தையும் தென்காசியையும் கடந்து சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. பொருநையைப் பேராறாகக் கொண்டு நோக்கியவர்கள் அதன் துணையாற்றைச் சிற்றாறு என்றனர். குமரி மாவட்டத்திலும் சிற்றாறு உண்டு. கேரளத்தின் பத்தனம்திட்டைப் பகுதியில் சிற்றாறு என்ற ஊரே உண்டு. பொதுப்பெயர் ஒன்று அந்தந்த இடத்தில் சிறப்புப்பெயர் ஆகியுள்ளது என்பதற்கு இவை போதிய சான்று.

பேச்சு வழக்கில் ‘ற்ற’ என்பது ‘த்த’ என ஒலிக்கும். சிற்றாறு சித்தாறு ஆகும். குற்றாலம் குத்தாலம் ஆகும். இந்தச் ‘சித்தாறு’ என்ற ஒலியே சித்திரா நதி என்னும் வடமொழிச் சாயல் பெற்ற பெயருக்கு வாயில் திறந்தது எனலாம். குற்றாலத்தில் கூத்தப்பெருமானின் ஐந்து அவைகளுள் ஒன்றான சித்திர சபை இருப்பது இம்மாற்றத்துக்குத் துணை செய்திருக்கும். சித்திர சபை என்பது அதன் சுவரோவியங்களால் பொருத்தமான பெயர். ஆற்றின் பெயரில் ஓவியத்துக்கு வேலை இல்லை. ஆயினும் தலபுராண மரபில் சித்திரா நதி என்பதே முதற்பெயர் போலவும், சிற்றாறு அதன் மரூஉ போலவும் கூறப்படுவதுண்டு. திரிபின் திசை தலைகீழாக்கப்பட்டுள்ளது.

இதே வகையில் எண்ணத்தக்க மற்றொன்று நாட்டுப்பெயர். கல்வெட்டு வழக்கில் இப்பகுதி தென்வாரி நாடு எனப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருக்குற்றாலக் குறவஞ்சியில் அது தென்ஆரிய நாடாக நிற்கிறது. வாரி என்பது நீர், நீர்வரும் வழி, விளைவு ஆகிய பொருள்களைத் தரும் சொல். உடம்படுமெய்யாக வரும் வகரத்தோடு மயங்கி, வாரியின் முதலெழுத்து நழுவினால் ஆரி எஞ்சும். ஆரி ஆரியம் ஆவதற்கு அதிக தொலைவில்லை. குறவஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு இப்பகுதியில் பழைய ஆரியர் குடியேற்றம் ஒன்றை ஊகித்துவிடும் ஆபத்து இங்குண்டு. கவிஞர் திரிகூடராசப்பர் தம் காலத்தில் வழங்கிய அல்லது ஓசைக்கு இசைந்த வடிவத்தை எடுத்தாண்டார். அதனைக் குடியேற்ற வரலாற்றுக்குச் சான்றாக்குவது அவர் செய்யாத வேலையை அவர்மேல் ஏற்றுவதாகும். அவர் பெயரில் உள்ள திரிகூடமும் மூன்று முகடுகளைக் கொண்ட மலை என்பதன் வடமொழி ஆக்கமே.

சிற்றாற்றின் துணையாறுகளைப் பார்த்தால் இந்தப் படிவுகள் அருகருகே கிடக்கின்றன. குண்டாறு, மொட்டையாறு, ஐந்தருவியாறு, அழுதகண்ணியாறு என்பன ஒருபுறம்; ஹரிஹரா நதி, அனுமன் நதி என்பன மறுபுறம். கருப்பாநதி இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: அடி தமிழ், ஈறு வடமொழி. கோயிலும் புராணக்கதையும் தொட்ட ஓடைகள் ‘நதி’ ஆயின. அவை தொடாத ஓடைகள் ‘ஆறு’ என்றே ஓடுகின்றன.

அருவிகளும் தோட்டமும்

அருவிப் பெயர்களுள் பெரும்பாலானவை விளக்கம் வேண்டாதவை. ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவது ஐந்தருவி. பேரருவியைக் குறவஞ்சி வடவருவி என்று திசையால் சுட்டும். அப்பேரருவி பாறையின் இடையில் விழுந்து பொங்கும் குழியைப் பொங்குமாங்கடல் என்று மக்கள் அழைப்பது, எந்தப் புலவரின் உதவியும் இன்றிப் பிறந்த பெயர். செண்பகாதேவி அருவி சற்றே நின்று நோக்கத்தக்கது. அங்கே செண்பகாதேவிக்குக் கோயில் உண்டு. செண்பக அடவி, அதாவது செண்பகக் காடு என்ற தொடரே செண்பகாதேவி எனத் திரிந்தது என்றொரு கருத்தும் உண்டு. ஒலியளவில் அது இயல்பானதே. காடு தேவியானதா, தேவியின் காடு அப்பெயர் பெற்றதா என்பதைக் காலமறிந்த எழுத்துச் சான்று கொண்டே முடிவு செய்ய இயலும். உச்சரிப்பு ஒன்று மட்டும் அதற்குப் போதாது.

கும்பினி ஆட்சிக் காலத்தில் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் முதலிய நறுமணப் பயிர்த் தோட்டங்கள் இடப்பட்டன. தோட்டம் என்ற சொல் இவ்வட்டார இடப்பெயர்களில் இடம்பெறுவதற்கு அத்தகைய பயிரிடல் மரபே பின்னணி. பழத்தோட்ட அருவி என்ற பெயர் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையால் வந்தது. அதே அருவிக்கு வி.ஐ.பி. அருவி என்ற பெயரும் பேச்சில் உள்ளது. ஓர் இடத்துக்குள் யார் நுழையலாம் என்பதுகூட அதன் பெயராகிவிடுவதற்கு இது அண்மைக்காலச் சான்று.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள காசிமேஜர்புரம் என்ற ஊர்ப்பெயர் இவ்வகையில் மிகச் சுவையானது. கேட்ட அளவில் காசியும் மேஜரும் சேர்ந்ததாகத் தோன்றும். தென்காசிக்கு அருகில் காசி என்பது இயல்பாகவே பொருந்தும். மேஜர் என்பது யாரோ ஒரு படை அதிகாரி என்று கொள்ளப்படும். ஆனால் கும்பினிக் காலத்துச் சென்னை மாகாண நிர்வாகத்தில் காசாமேஜர் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் உயர்பதவிகளில் இருந்தனர். ஊர்ப்பெயர் அக்குடும்பப்பெயரின் வழிவந்தது எனக் கொள்வதே பொருத்தமானது. அக்குடும்பப்பெயரோ ‘பெரிய வீடு’ என்று பொருள்படும் தென் ஐரோப்பிய மொழித் தொடர். பெரிய வீடு ஒன்று தமிழ்ச் செவியில் காசியாகவும் படைத்தலைவனாகவும் பிரிந்துவிட்டது. சிற்றாற்றைச் சித்திரா நதியாக்கிய அதே நிகழ்வு, இம்முறை ஐரோப்பியச் சொல்லின்மேல் தமிழ் மக்களால் நிகழ்த்தப்பட்டது. அறியாத ஒலியை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது புலவர்க்கு மட்டும் உரிய பழக்கமன்று.

மதுரையை இழந்தவர்களின் காசி

தென்காசி என்ற பெயரின் தோற்றம் பிற பெயர்களினும் தெளிவானது. பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை இழந்த பாண்டிய மரபினர் தெற்கே ஒதுங்கினர். அவர்களுள் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். வடக்கே உள்ள காசிக்குச் சென்று வழிபட இயலாதவர்க்காகத் தெற்கே ஒரு காசி என்றும், மன்னனின் கனவில் இறைவன் தோன்றி எறும்புச் சாரை காட்டும் வழியே சென்று கோயில் எழுப்பப் பணித்தான் என்றும் தலமரபு கூறும். தனக்குப் பின் இக்கோயிலைக் காப்போரின் திருவடிகளை வணங்குவதாக அம்மன்னன் கல்லில் பொறித்த பாடல்கள் இலக்கிய மாணவர் பலரும் அறிந்தவை.

அப்பாடல்களில் வெளிப்படும் கவலை இடப்பெயராய்வுக்கும் உரியது. கோயில் நிலைக்குமா என்று அஞ்சும் அரசன் தலைநகரை ஒருமுறை இழந்த மரபில் வந்தவன். புதிய நகருக்கு மதுரையை நினைவூட்டும் பெயரை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த அரசும் கைப்பற்றினாலும் புனிதம் குன்றாத ஓர் ஊரின் பெயரைத் தேர்ந்தான். பக்தியோடு அரசியல் அறிவும் அதில் உண்டு. அவன் வழிவந்தோரைத் தென்காசிப் பாண்டியர் என்றே வரலாறு குறிக்கிறது. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியன் அவர்களுள் ஒருவன்.

அதற்கு முன் இவ்விடம் எவ்வாறு அழைக்கப்பட்டது? தலமரபு நீண்ட பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தருகிறது. சச்சிதானந்தபுரம், சைவமூதூர், சிவமணவூர் போன்றவை சமயக் கருத்தை முன்னிறுத்திப் பிற்காலத்தில் ஆக்கப்பட்டவை என்பது அவற்றின் அமைப்பிலேயே தெரிகிறது. ஆனால் அதே பட்டியலில் செண்பகப்பொழில், மயிலைக்குடி, குயின்குடி ஆகியனவும் உள்ளன. பொழிலும் குடியும் ஈறாக வரும் இவை அமைப்பால் வேறுபட்டவை. தலபுராணம் புனைந்தோர் புதியவற்றை மட்டும் அடுக்கவில்லை. செவிவழி எஞ்சியிருந்த பழம்பெயர்களையும் சேர்த்து அடுக்கினர் என்று கருத இடமுண்டு. தலபுராணங்களை முற்றாக ஒதுக்கும் ஆய்வாளர் இவற்றையும் சேர்த்தே இழப்பர்.

வட அயர்லாந்தின் டெர்ரி நகரோடு இதனை ஒப்பிடலாம். டெர்ரி என்பது கருவாலி மரச்சோலையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லின் வழி வந்தது. 1613இல் அரச சாசனம் ஒன்று அதற்கு முன் லண்டனைச் சேர்த்து லண்டன்டெர்ரி ஆக்கியது. அங்கே தொலைநகரின் பெயர் சோலையின் பெயரோடு ஒட்டியது. சோலையின் பெயர் இன்றும் பிழைத்துள்ளது, இரு பெயர்களுள் எதைச் சொல்வது என்பது இன்றும் அரசியலாக உள்ளது. தென்காசியில் தொலைநகரின் பெயர் சோலையின் பெயரை முழுதாக மூடிவிட்டது; பூசல் ஏதும் எழவில்லை. பெயரிட்டவன் அயலவனாக இல்லாததும், அப்பெயரை மக்கள் வழிபாட்டினூடே ஏற்றுக்கொண்டதும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

ஆய்க்குடியும் இலஞ்சியும்

பொருள் முடிபுக்கு எளிதில் இணங்காத இரு பெயர்கள் இங்குள்ளன. முதலாவது ஆய்க்குடி. பொதிகைப் பகுதியை ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 132ஆம் பாடல் ஆய்குடியைக் குறிப்பிடுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குமரியை ஒட்டிய கடற்கரையை ஆயோய் நாடு என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் கருநந்தடக்கன் முதலிய ஆய் மன்னர் தென்குமரிப் பகுதியில் ஆண்டதற்குச் செப்பேட்டுச் சான்று உண்டு. எனவே தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடியே சங்க கால ஆய்குடி என்று பலரும் கொள்வர்.

அதற்கு வாய்ப்பு மிகுதி. எனினும் இரு தடைகள் உள்ளன. குடி என்ற சொல் ஊரையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும்; வடக்கில் இமயத்தோடு எதிர்நிறுத்திப் பாடப்படும் அவ்விடத்தில் புலவர் கருதியது ஊரா, ஆயின் குலமா என்பது திட்டவட்டமாக இல்லை. இரண்டாவது, ஆய் என்பது ஆயரையும் குறிக்கும். மலையடிவாரப் புல்வெளியில் ஆயர் குடியிருப்பு ஒன்று ஆய்க்குடி எனப் பெயர் பெறுவதற்கு அரசன் எவனும் தேவையில்லை. வேளிர் தலைவனின் பெயரே ஆயர் தொழிலோடு தொடர்புடையதென்றால் இரு விளக்கங்களும் ஓரிடத்தில் சந்திக்கும். அவ்வாறாயின், ஊரின் பெயர் அரசனால் வந்தது என்பதைவிட, அரசனின் பெயரும் ஊரின் பெயரும் ஒரே வாழ்க்கை முறையிலிருந்து கிளைத்தன என்பதே வலுப்பெறும்.

இலஞ்சியும் இதுபோன்றதே. பழந்தமிழில் இலஞ்சி நீர்நிலை. சிற்றாற்றுப் பாசன வயல்களும் குளங்களும் சூழ்ந்த ஊருக்கு இப்பெயர் பொருந்தும். ஆனால் மலைக்கு அப்பால் மலையாளத்தில் இலஞ்ஞி என்பது மகிழ மரம். 1678இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ இம்மரத்தை எலெஞ்ஞி எனப் பதிவு செய்தது. லின்னேயசு அதைப் பின்பற்றியதால் மகிழத்தின் அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதியாக அச்சொல்லே இன்றும் நிற்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே இரு நாடுகளும் கலந்த இவ்வெல்லையில், ஊர்ப்பெயரில் இருப்பது தமிழர் குளமா, மலையாளக் கரையின் மரமா? குற்றாலம், குறும்பலா, செண்பகப்பொழில், பசும்பொழில் என்னும் பொருளமைந்த பண்பொழி என மரமும் சோலையும் ஊர்ப்பெயராகும் வழக்கு இங்கே வலுவாக உள்ளதால் மகிழமும் தகுதியுடைய போட்டியாளரே. எனினும் சங்க இலக்கியம் தொட்டுத் தமிழில் நிலைத்த பொருளைத் தள்ளுவதற்கு வலுவான காரணம் வேண்டும். நீர்நிலை என்பதையே முதற்பொருளாகக் கொள்வது நெறி. அகத்தியரை இணைத்துத் தலபுராணம் கூறும் கதை இவ்விரண்டில் எதற்கும் துணை நிற்பதில்லை.

குடியேற்றத்தின் பெயர்கள்

அரசரும் கோயிலும் இல்லாத ஊர்களின் பெயர்களை ஆய்வுலகம் போதிய அளவு கவனிக்கவில்லை. குத்துக்கல்வலசை, கணக்கப்பிள்ளைவலசை ஆகியவற்றில் உள்ள வலசை என்ற ஈறு பெயர்ந்து வந்து குடியேறியோரின் ஊரைக் குறிப்பது. இராமநாதபுரம் மாவட்டத்தின் புதுவலசையும் இவ்வகையினது. பஞ்சம், போர், வரிக்கொடுமை ஆகியவற்றுள் எது மக்களைப் பெயர்த்தது என்பதைப் பெயர் சொல்வதில்லை. பெயர்ந்தார்கள் என்பதை மட்டும் அது மறக்கவில்லை. குத்துக்கல் என்பது செங்குத்தாக நடப்பட்ட கல். அது பெருங்கற்காலத்து நெடுங்கல்லாகவும் இருக்கலாம், எல்லைக்கல்லாகவும் இருக்கலாம். வந்து குடியேறியவர்கள் தமக்கு முன்பே அங்கு நின்ற கல்லைத் தம் ஊருக்கு அடையாளமாக்கிக்கொண்டனர் என்பது மட்டும் உறுதி.

மேலகரம் என்பது மேற்கில் அமைந்த அகரம், அதாவது அந்தணர் குடியிருப்பு. திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. வடகரை, மேக்கரை ஆகியன கரையையும் திசையையும் சுட்டி நிற்பவை. சுந்தரபாண்டியபுரம் பாண்டியர் பெயரையும், வீரகேரளம்புதூர் சேர நாட்டுப் பட்டப்பெயரையும் தாங்குவன. இன்று பின்னதை வி.கே.புதூர் என்று சுருக்கிச் சொல்கின்றனர். வீரகேரளன் இரண்டு ஆங்கில எழுத்துகளாகக் குறுகிவிட்டான். புதூர் மட்டும் முழுதாக இருக்கிறது. பெருமைக்காக முன்னே சேர்த்த அடையே முதலில் தேய்கிறது, பொதுச்சொல் நிலைக்கிறது என்பது இவ்வட்டாரத்தில் திரும்பத் திரும்பக் காணப்படும் இயல்பு.

எழுத்துக்கூட்டலும் பதிவேடும்

குற்றாலத்தை ஆங்கிலேயர் எழுதிய முறை தனி வரலாறு உடையது. ‘ற்ற’ என்னும் ஒலிக்கு ஆங்கிலத்தில் நேர் எழுத்து இல்லாமையால், ரகரமும் டகரமும் சேர்த்து அவர்கள் எழுதிய வடிவம் நீதிமன்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்குவதாக அமைந்துவிட்டது. தமிழறியாத பயணி இன்று அந்த எழுத்துகளைப் பார்த்துக் ‘கோர்ட்டாலம்’ என்கிறார். எழுத்து, தான் குறிக்க வந்த ஒலியையே மாற்றத் தொடங்கியுள்ளது. மறுபுறம், பேச்சொலியைப் பின்பற்றிக் குத்தாலம் என எழுதினால் மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள, தேவாரத்தில் திருத்துருத்தி எனப்படும் குத்தாலத்தோடு அது மயங்கும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சி அரசின்கீழ் இருந்தமையால், அதன் எழுத்து வடிவங்களில் மலையாள வழக்கின் தடமும் உண்டு.

2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் 1,018 இடங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றும் அரசாணை வெளியாயிற்று. எழுத்துப்பெயர்ப்பு முறை குறித்து எழுந்த கருத்துவேறுபாடுகளால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அயர்லாந்திலும் இதையொத்த நிகழ்வு உண்டு. 2003ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து டிங்கிள் என்ற கடலோர ஊரின் ஆங்கிலப் பெயர் அதிகார நிலையை இழந்து, ஐரிஷ் பெயர் மட்டுமே ஏற்கப்பட்டது. ஊரார் எதிர்த்து 2006இல் வாக்களித்தனர். 2011இல் சட்டத்தின் வழி இரு பெயர்களும் ஏற்கப்பட்டன. மக்களின் நாவில் உள்ள வடிவைக் கேளாமல் மேலிருந்து திருத்தப்படும் பெயர், திருத்தம் தாய்மொழியின் பக்கமே இருந்தாலும், நிலைப்பதில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஊர்ப்பெயர்களைப் பற்றிய வழக்காடலாவது பொதுவெளியில் நடக்கிறது. குளம், மடை, ஓடை, வயற்புரவு ஆகியவற்றின் பெயர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் நிலம் புல எண்ணாகவே அறியப்படுகிறது. உழுதவரும் நீர் பாய்ச்சியவரும் வழங்கிய பெயர் எண்ணுக்கு வெளியே, முதியோரின் நினைவில் மட்டும் உள்ளது. வயல் மனையாகும்போது மடையின் பெயரை அழைக்கும் தேவை ஒழிகிறது. ஓ’டோனோவன் அயர்லாந்தின் ஊர்களில் நடந்தபோது பல இடங்களில் ஐரிஷ் பேசுவோர் முதியோர் மட்டுமே. தென்காசி வட்டாரத்தில் மொழிக்கு அந்நிலை இல்லை. வயல்களைப் பெயரால் அறிந்த தலைமுறைக்கு அந்நிலை வந்துவிட்டது. ஆய்வாளர் முதலில் செய்ய வேண்டியது சிற்றாற்றின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் ஒவ்வொரு கால்வாயின் வழியே கீழ்நோக்கி நடந்து, குளம்தோறும் மடைதோறும் பெயரைக் கேட்டு, சொன்னவரின் ஒலிப்பு மாறாமல் ஒலிப்பதிவு செய்வது. பொருள் கூறுவது அதற்குப் பின்னர்.